அம்மா ஆறு மணி மட்டும் நித்திரை கொள்ளட்டும்

காலமை எட்டு மணி விரிவுரைக்கு வருகிறவர்களில் ஆர் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், ஆர் சாப்பிடாமல் வந்தவர்கள் என்று கண்டுபிடிக்க ஒருத்தரையும் கேட்கத் தேவையில்லை. பத்து மணிக்கு விரிவுரை முடிந்ததும் பாருங்கள். வீட்டிலிருந்து வருகிறவர்கள் ஆறுதலாகக் கொப்பியை மூடி, கதைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். போர்டிங்கிலும் ஹொஸ்டலிலும் இருக்கிற நாங்கள் கன்டீனுக்கு ஓடுவோம். ஒரு பிளேன்டீ, ஒரு ரோல்ஸ். காசு முடிந்த கிழமையில் பிளேன்டீ மட்டும்தான், அதோடு பைக்குள் கிடக்கிற கிறீம் கிறேக்கர்.

இதைப் பற்றி எங்கட அறையில் ஒருநாள் வாக்குவாதம் வந்தது. நாங்கள் நாலு பேர். ஒருத்தி மன்னார், ஒருத்தி அக்கரைப்பற்று, ஒருத்தி ஹற்றன் பக்கத்துத் தோட்டம், ஒருத்தி வடமராட்சி. வடமராட்சிக்காரி சொன்னாள், "எங்கட வீட்டில ஒருநாளும் காலமைச் சாப்பாடு தவறினதில்ல. அது பழக்கம்." ஹற்றன்காரி உடனே கேட்டாள், "பழக்கம் யாருக்கு? ஒனக்கா, ஒங்க அம்மாவுக்கா?"

அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு ஆளுக்கு ஆள் தங்கட தங்கட வீட்டைச் சொல்லத் தொடங்கினோம். வடமராட்சியில் அம்மா நாலரைக்கு எழும்பித் தேங்காய் துருவி, மா குழைத்து, இடியப்பம் பிழிந்து அவித்து, சொதியும் சம்பலும் வைத்து, ஆறரைக்குள் எல்லாருக்கும் சாப்பாடு கட்டி வைப்பா. தோட்டத்து லயத்தில் அம்மா நாலு மணிக்கே எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பகலுக்கும் சமைத்து வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தமாக்கிவிட்டுக் கொழுந்து எடுக்க மலைக்குப் போக வேண்டும். அக்கரைப்பற்றில் நோன்பு மாதம் வந்தால் உம்மா இரண்டரைக்கு எழும்புவா. வீட்டில் எல்லாரும் சஹருக்கு எழும்பிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுப்பார்கள், உம்மா ஏனம் கழுவுவா. மன்னார்க்காரி அதிகம் சொல்லவில்லை. "எங்கட அம்மா கடைசியா எப்ப ஆறு மணி வரைக்கும் படுத்தவ எண்டு எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள்.

காலமைச் சாப்பாடு முக்கியம் என்று சொல்லாத ஆள் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகம் சொல்கிறது, டொக்டர் சொல்கிறார், ரேடியோ சொல்கிறது. அந்தச் சாப்பாட்டை விடியாத நேரத்தில் ஆர் எழும்பிச் செய்கிறது என்பதை மட்டும் ஒருத்தரும் கதைப்பதில்லை. எங்கட சமூகத்தில் "நல்ல காலமைச் சாப்பாடு" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரு பொம்பிளையின் இரண்டு மணித்தியால நித்திரை. அந்தப் பொம்பிளை பக்கத்தில் இல்லாத இடத்தில், அதாவது போர்டிங்கில், காலமைச் சாப்பாடும் இல்லாமல் போகிறது. பெடியள், பெட்டையள் எல்லாருக்கும் இதே நிலைதான்.

இந்தக் கதைக்குள் ஒரு ஸ்லோ குக்கர் வந்தது. எங்களில் ஒருத்தியின் மாமி லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து, வீட்டில் ஒருத்தரும் பாவிக்காமல் பெட்டியோடு கிடந்தது. ஒரு மண் நிறச் சட்டி, அதைச் சுற்றி ஒரு மெல்லிய சூடாக்கி, கண்ணாடி மூடி, மூன்று நிலையுள்ள ஒரு திருகி. பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: கனடாவிலிருந்து ஆராவது இப்படி ஒன்றை அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், எங்களுக்கு 230. செருகினால் எரிந்துபோகும்.

இந்தச் சாமானின் வரலாறு எங்களுக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவில் ஏர்விங் நாக்ஸன் என்ற யூதப் பொறியியலாளர் 1936 இல் விண்ணப்பித்து 1940 இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். அவரின் அம்மா லித்துவேனியாவின் வில்னா நகரைச் சேர்ந்தவ. அங்கே சிறுமியாக இருந்தபோது பார்த்ததை அவ மகனுக்குச் சொல்லியிருக்கிறா. யூதர்களுக்கு வெள்ளி பின்னேரத்திலிருந்து சனி பொழுதுபடும் வரை ஓய்வு நாள்; அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளி இருட்ட முதல் அவரையும் தானியமும் கிழங்கும் போட்ட சட்டியை ஊர் பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பேக்கரி அடுப்பு அணைந்தாலும் அதன் சூடு இரவு முழுக்க இருக்கும். அடுத்த நாள் சட்டியை எடுத்தால் சாப்பாடு ஆயத்தம். அந்தச் சாப்பாட்டின் பெயர் சோலன்ட். அம்மாவின் இந்தக் கதையிலிருந்துதான் நாக்ஸனின் சாமான் பிறந்தது. பிறகு இன்னொரு கம்பனி அதை வாங்கி 1971 இல் "குரொக் பொட்" என்ற பெயரில் விற்றது. வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த அமெரிக்கப் பெண்கள் அதைப் பெருவாரியாக வாங்கினார்கள்.

இந்தச் சாமானின் தொடக்கமே ஓய்வுதான். ஒரு நாளாவது அடுப்பு மூட்டாமல் இருக்க வேண்டும், ஆனால் சுடச்சுடச் சாப்பிடவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடித்த வழி, நெருப்பை முந்தின நாளே வேலை செய்ய விடுவது.

எங்கட ஆக்களுக்கும் இது புதிதில்லை. உமி அடுப்பு கனநேரம் கனன்று எரியும். சாம்பல் மூடின தணலில் சட்டியை வைத்துவிட்டுப் படுத்தவர்கள் எங்கட பூட்டிமார். பழஞ்சோறு என்பதே இரவு முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்து, ஒருத்தரும் எழும்பாமலே ஆயத்தமாகும் காலமைச் சாப்பாடு. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அதுக்கு எருமைத் தயிரும் சேரும். இடையில் காஸ் அடுப்பும் கோதுமை மாவும் வந்தன. காலமை எழும்பி அவசரமாகச் சமைப்பதுதான் நல்ல குடும்பத்தின் அடையாளம் என்று ஆகிவிட்டது.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறோம். முதல் நாள் கடையில் வாங்கின சாதாரண தட்டை ஓட்ஸை இரண்டு கப் போட்டு, நாலு கப் தண்ணீரும் பாலும் ஊற்றி, இரவு பத்து மணிக்கு "லோ"வில் விட்டுவிட்டுப் படுத்தோம். காலமை எழும்பிப் பார்த்தால் நடுவில் சுவரொட்டி ஒட்டுகிற பசை, ஓரத்தில் கறுத்த அடைக்காய். பால் திரைந்திருந்தது. சட்டியை ஊற வைத்துச் சுரண்ட இரண்டு நாள் எடுத்தது. "இதுக்குப் பேசாம கிறேக்கரே சாப்பிட்டிருக்கலாம்" என்றாள் மன்னார்க்காரி.

பிழை ஓட்ஸில் இருந்தது. ஓட்ஸ் எல்லாம் ஒன்றில்லை. முழுத் தானியத்தை இரும்புக் கத்தியால் இரண்டு மூன்றாக வெட்டினது "ஸ்டீல் கட்". ஆவியில் அவித்து உருளையால் நசித்தது நாங்கள் வழமையாகக் காண்கிற தட்டை ஓட்ஸ். அதையும் விட மெல்லிசாக நசித்து, முன்னமே நன்றாக வேகவைத்துக் காயவைத்தது உடனடி ஓட்ஸ். இரவு முழுக்க வேகிறதுக்குத் தாக்குப் பிடிக்கிறது முதலாவது வகை மட்டும்தான். ஒரு கப் ஸ்டீல் கட் ஓட்ஸுக்கு நாலு கப் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு கறுவாப்பட்டை. "லோ"வில் ஏழு மணித்தியாலம். நாலு பேருக்குக் காணும். சட்டியின் உள்பக்கத்தில் கொஞ்சம் நெய்யோ தேங்காய் எண்ணெயோ பூசினால் ஓரம் பிடிக்காது. இன்னொரு வழியும் இருக்கிறது: ஓட்ஸையும் தண்ணீரையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தைக் குக்கருக்குள் வைத்து, சுற்றிவர அரைவாசி உயரத்துக்குத் தண்ணீர் விட்டுவிடுவது. இப்படிச் செய்தால் அடிப்பிடிக்காது, ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்கவும் முடியும். பால், தேங்காய்ப்பால், வாழைப்பழம் எல்லாம் காலமை இறக்கின பிறகுதான். மேலே வறுத்த கச்சானும் எள்ளும், பனங்கட்டித் தூளும் போட்டால் மத்தியானம் மட்டும் பசிக்காது.

ஆனால் ஸ்டீல் கட் ஓட்ஸ் பெரிய சுப்பர்மார்க்கெட்டில்தான் கிடைக்கும், விலையும் எங்களுக்குக் கட்டாது. அப்போதுதான் அக்கரைப்பற்றுக்காரி கேட்டாள், "நோன்புக் கஞ்சி வைக்கிற மாதிரி வச்சா என்ன?" அன்றைக்குப் பிறகு ஓட்ஸ் எங்கட அறையில் விருந்தாளி, அரிசிதான் வீட்டு ஆள். ஒரு சுண்டு சிவப்புப் பச்சையரிசி, கால் சுண்டு வறுத்து உடைத்த பயறு, ஏழு சுண்டு கொதித்த தண்ணீர், உள்ளி ஆறு பல்லு, அரைத் தேக்கரண்டி வெந்தயம். "லோ"வில் எட்டு மணித்தியாலம். விடிய எழும்பி உப்பும் முதற்பாலும் விட்டுக் கலக்கினால் நாலு பேருக்கும் வயிறு நிறையும், பகிடிக்கு வருகிற பக்கத்து அறைக்காரிக்கும் ஒரு கோப்பை மிஞ்சும். வல்லாரையோ முசுட்டையோ கிடைத்தால் அரைத்து, சாற்றைக் கடைசியாக விட்டால் இலைக்கஞ்சி. குரக்கன் விருப்பமென்றால் மாவை இரவே போடாதீர்கள், கட்டி பட்டுவிடும். காலமை குளிர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, "ஹை"யில் இருபது நிமிடம் விட்டு இடையிடையே கிளறுங்கள்.

கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூன்று. ஒன்று, எப்போதும் கொதித்த தண்ணீரில் தொடங்குங்கள். 5 பாகையிலிருந்து 60 பாகை வரையான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சாப்பாடு அந்த இடத்தைச் சீக்கிரம் தாண்ட வேண்டும். இரண்டு, இரவு சாமானைப் போட்டுவிட்டு, விடிய மூன்று மணிக்குத் தானாக ஓன் ஆகட்டும் என்று டைமர் வைக்காதீர்கள். அதே காரணம்தான். மூன்று, சிவப்பு கிட்னி பீன்ஸை ஒருநாளும் பச்சையாக இதற்குள் போடக் கூடாது. அதில் இருக்கிற நச்சு மெல்லிய சூட்டில் அழியாது. ஊறவைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, வேறு சட்டியில் குறைந்தது பத்து நிமிடம் கொதிக்கக் கொதிக்க அவித்த பிறகே போடலாம்.

ஸ்லோ குக்கர் இல்லாதவர்கள்தான் இதை வாசிக்கிறவர்களில் கனபேர் என்று தெரியும். ரைஸ் குக்கர் இருந்தால் போதும். அதன் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கினால் சரி. சட்டியில் தண்ணீர் இருக்கும் வரைக்கும் அதன் அடி 100 பாகைக்கு மேல் போகாது. தண்ணீர் வற்றி அதற்கு மேல் ஏறும்போதுதான் சுவிட்ச் தானாக மேலே தட்டும். கஞ்சியில் தண்ணீர் வற்றாது, ஆகவே அது தானாக நிற்காது. சட்டியில் அரைவாசிக்கு மேல் நிரப்பாமல், பதினைந்து இருபது நிமிடம் பக்கத்தில் நின்று கொதிக்கவிட்டு, பிறகு நீங்களே சுவிட்சை "வார்ம்"முக்கு உயர்த்திவிட்டுப் படுங்கள். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

ரைஸ் குக்கரும் இல்லையென்றால் வாய் அகன்ற சுடுதண்ணிப் பிளாஸ்க். முதலில் கொதிதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் பிளாஸ்கைச் சூடாக்கி ஊற்றிவிட வேண்டும். பிறகு அரைக் கப் தட்டை ஓட்ஸ், மேலே கழுத்து மட்டும் கொதிதண்ணீர். இறுக்கி மூடி, ஒரு துவாயால் சுற்றி வைத்தால் விடியச் சுடச்சுட இருக்கும். குறுணல் அரிசி என்றால் முதலில் ஐந்து நிமிடம் அடுப்பில் கொதிக்கவிட்டு ஊற்றுங்கள். உலக யுத்தக் காலங்களில் எரிபொருள் இல்லாமல் ஐரோப்பாவில் வைக்கோல் நிரப்பின பெட்டிக்குள் கொதிக்கிற சட்டியை மூடி வைத்துச் சமைத்ததும் இதே முறைதான்.

கரண்ட் கணக்கையும் பார்த்தோம், ஏனென்றால் போர்டிங் அன்ரி பார்க்கிறவ. எங்கட சின்ன ஸ்லோ குக்கர் 120 வாட். ஏழு மணித்தியாலம் முழுக்க அதே அளவு இழுத்தாலும் 0.84 யூனிட். 500 வாட் ரைஸ் குக்கர் நாற்பது நிமிடம் வேலை செய்தால் ஏறத்தாழ 0.33 யூனிட், அதோடு "வார்ம்" செலவு கொஞ்சம். ஒரு லீற்றர் தண்ணீரைக் கெற்றிலில் கொதிக்க வைக்க 0.1 யூனிட் அளவு. ஆகவே சிக்கனம் மட்டும்தான் கேள்வி என்றால் பிளாஸ்க்தான் வெல்கிறது. ஸ்லோ குக்கர் மலிவு என்று சொல்கிறவர்கள் ஓவனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். எங்கட வீடுகளில் ஓவன் இல்லை. இதை மறைத்துவிட்டு ஸ்லோ குக்கர் வாங்குங்கள் என்று சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. நாலைந்து பேருக்கு மேல் இருக்கிற வீட்டிலோ அறையிலோ அது உதவும். ஒரு ஆளுக்குப் பிளாஸ்க் தாராளம்.

இனி ஓட்ஸைப் பற்றி ஒரு சண்டை இருக்கிறது. அதை நல்ல சாப்பாடு இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஓட்ஸில் பீற்றா குளுக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது. ஒரு நாளைக்கு 3 கிராம் அளவு அது உடம்புக்குப் போனால் கெட்ட கொலஸ்ட்ரோல் குறைய உதவும் என்பதை ஏற்று, 1997 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓட்ஸ் பெட்டியில் இதய நோய் அபாயம் குறையலாம் என்று எழுத அனுமதித்தது. அந்த 3 கிராமுக்கு உலர்ந்த ஓட்ஸ் 75 - 80 கிராம் வேண்டும். ஆனால் விளம்பரத்தில் காட்டுகிறது பெரும்பாலும் சின்னப் பைக்கற்றில் வருகிற, சீனியும் வாசனையும் சேர்த்த உடனடி ஓட்ஸ். இரத்தத்தில் சீனி ஏறும் வேகத்தை அளக்கிற குறியீட்டில் ஸ்டீல் கட் ஓட்ஸ் ஏறத்தாழ 55, உடனடி ஓட்ஸ் 75 - 80. ஒரே தானியம்தான். நசிக்க நசிக்க, வேகவைக்க வேகவைக்க நல்லது குறைந்துகொண்டு போகிறது. "டயபிற்றிசுக்கு நல்லம்" என்று எங்கட அப்பாமார் இரவு இரவாகக் குடிக்கிற அந்தப் பைக்கற்றை ஒருக்கால் திருப்பி, பின்பக்கம் எவ்வளவு சீனி என்று வாசித்துப் பாருங்கள்.

மற்றது, ஓட்ஸ் எங்கட நாட்டில் விளைவதில்லை. 2022 இல் நாங்கள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தை மறக்கவில்லை. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, காஸ் சிலிண்டருக்கு நாள்கணக்காக வரிசை. அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். இறக்குமதிச் சாமானில் தங்கியிருக்கிற காலமைச் சாப்பாடு முதலில் கைவிடும் என்று அப்போது பார்த்துவிட்டோம். மொட்டைக்கறுப்பனும் குரக்கனும் பயறும் உழுந்தும் இங்கே விளைகிறது. ஓட்ஸுக்குச் சொல்கிற அதே "மெல்லச் சமிபாடு, நீண்ட நேரம் பசி தாங்கும்" என்பது தவிட்டோடு இருக்கிற சிவப்பரிசிக்கும் குரக்கனுக்கும் பயறுக்கும் நன்றாகவே பொருந்தும். ஓட்ஸிடமிருந்து எடுக்க வேண்டியது சமைக்கிற முறை. தானியம் எங்களிடம் இருக்கிறது.

இதைச் சொன்னால் வருகிற மறுப்புகளும் எங்களுக்குத் தெரியும். முதலாவது, "கஞ்சி வருத்தக்காரர் குடிக்கிறது." எங்கட வீடுகளில் கஞ்சிக்கு இருக்கிற பெயர் அப்படித்தான். காய்ச்சலுக்குக் கஞ்சி, பஞ்சத்துக்குக் கஞ்சி. 2009 இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாக வரிசையில் நின்று வாங்கின கஞ்சியை இன்றும் ஒவ்வொரு மே மாதமும் நினைவாகக் காய்ச்சிக் கொடுக்கிறோம். அந்தக் கஞ்சியைக் குடித்துத் தப்பி வந்த ஒருவர், "நான் இனி கஞ்சி குடிக்க மாட்டன்" என்று சொன்னால் அவரிடம் வாதாட எங்களுக்கு உரிமை இல்லை. எங்கட வயதுக்காரரிடம்தான் கேட்கிறோம். அதே சாமானை "பொரிட்ஜ்" என்று பெயர் மாற்றி, மேலே இரண்டு ஸ்ரோபெரி வைத்துப் படம் போட்டால் மட்டும் குடிப்பீர்களா?

இரண்டாவது, "இது சோம்பேறித்தனம், கையால செய்து தாற ருசி வருமா?" வராது. பிழிந்த சூட்டில் இடியப்பம் சாப்பிடுகிற ருசியை எந்தக் குக்கரும் தராது. நாங்களும் அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக நின்று இடியப்பம் பிழியலாம். கிழமையில் ஐந்து நாளும் ஒரு ஆள் மட்டும் நாலரைக்கு எழும்பித்தான் அந்த ருசி வர வேண்டுமென்றால், அதன் விலையை ஆர் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ருசி இல்லாமல் போய்விடும் என்று கவலைப்படுகிற ஆள், ஒருநாளாவது அந்த நாலரையைக் கண்டிருக்கிறாரா?

மூன்றாவது மறுப்பு நியாயமானது. ஒரு சாமான் வாங்கினால் வேலை குறையும் என்பது எப்போதும் உண்மையில்லை. கிரைண்டர் வந்தது, அம்மாவின் வேலை குறைந்ததா? தோசை கிழமையில் ஒருநாள் என்றது மூன்று நாள் ஆனது. ஸ்லோ குக்கர் வந்தாலும் இரவு பத்து மணிக்கு அரிசி கழுவிப் போடுகிற ஆள் அம்மாவாகவே இருந்தால், நித்திரை கொஞ்சம் கூடும், வேலை அவவின் தலையிலேயே இருக்கும். அதனால்தான் நாங்கள் சொல்கிறோம், இந்த வேலை அம்மாவின் கையை விட்டுப் போக வேண்டும். இது அதற்குத் தோதான வேலை. இடியப்ப மா குழைக்கக் கைப்பழக்கம் வேண்டும். இதற்கு ஒரு சுண்டும் ஏழு சுண்டும் எண்ணத் தெரிந்தால் போதும். இரவு படம் பார்த்துக்கொண்டிருக்கிற தம்பிக்குப் பத்து நிமிடம், ரிமோட்டை வைத்துவிட்டு எழும்புகிற அப்பாவுக்குப் பத்து நிமிடம். எங்கட வகுப்புப் பெடியள் சிலர் பிளாஸ்க் முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருத்தன் வீட்டுக்குப் போன நேரம் அங்கேயும் செய்து வைத்தானாம். "அம்மா விடிய எழும்பிப் பாத்திட்டு, ஆர் செய்தது எண்டு மூண்டு தரம் கேட்டவ" என்றான். சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கடைசியாக, ஹொஸ்டல் நிர்வாகங்களிடமும் ஒரு வார்த்தை. அறைக்குள் மின்சாதனம் பாவிக்கத் தடை என்பதன் காரணம் எங்களுக்கு விளங்குகிறது. பழைய வயரிங், ஒரே நேரத்தில் இருபது கெற்றில், தீப்பிடிக்கிற பயம். எங்களுக்கும் எரிந்துபோக விருப்பமில்லை. ஆனால் தடை போட்டதோடு பொறுப்பு முடிந்ததாக நினைக்க முடியாது. ஒரு கெற்றில் 2000 வாட் வரை இழுக்கிற இடத்தில் ஒரு பெரிய ஸ்லோ குக்கர் 200, 300 வாட்தான். மாடிக்கு ஒரு பொது மேசை, சரியான வயரிங்கோடு ஒரு செருகி, ஆறு லீற்றர் குக்கர் ஒன்று, இரவு ஆர் போடுவது என்று சுவரில் ஒரு முறைப் பட்டியல். ஒரு சட்டியில் பத்துப் பேர் சாப்பிடலாம். பசியோடு எட்டு மணி விரிவுரையில் இருக்கிற பிள்ளை எதைக் குறிப்பெடுக்கும் என்று கவலைப்படுகிறவர்கள் இதற்குச் செலவழிக்கலாம்.

எங்கட அறையில் இப்போது முறை இருக்கிறது. திங்கள் மன்னார், செவ்வாய் அக்கரைப்பற்று, புதன் ஹற்றன், வியாழன் வடமராட்சி. வெள்ளிக்கிழமை ஆர் என்று இன்னும் சண்டைதான், அன்றைக்குப் பிளாஸ்க். போன முறை விடுமுறைக்குப் போனபோது ஹற்றன்காரி குக்கரையும் தூக்கிக்கொண்டு போனாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாளாம். முதல் நாள் இரவு அம்மாவிடம் சொல்லாமல் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். அம்மா வழமைபோல நாலு மணிக்கே எழும்பிவிட்டா. அடுப்படிக்குப் போய், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, என்ன செய்கிறதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாவாம். பிறகு திரும்பவும் வந்து படுத்துக்கொண்டா.

"தூங்கல" என்றாள் ஹற்றன்காரி. "சும்மா கண்ண மூடிப் படுத்திருந்தாங்க. ரெண்டாவது நாள் தூங்கிட்டாங்க."